வண்டி நேரம் மாறினால் குடோன் வேலை வரிசை தானாக மாற வேண்டும், எப்படி?

செங்குன்றம்_குடோன்
வணக்கம். செங்குன்றம் பக்கம் ஒரு குடோனில் ஷிப்ட் பார்க்கிறேன். சோப்பு, பற்பசை, பிஸ்கட் மாதிரி கடைச் சரக்குதான். ஒரு நாளைக்கு 12 வண்டி வெளியே போகும், 7 அல்லது 8 உள்ளே வரும். ஆட்கள் 40 பேர், உயர ரேக்கில் சரக்கை ஏற்றி இறக்கும் ரீச் டிரக் 3. காலை 7 மணிக்கு எக்செலில் திட்டம் போட்டு, எந்த வண்டிக்கு முதலில் சரக்கு எடுப்பது என்று பிரிண்ட் எடுத்து ஒட்டுவேன். 10 மணிக்குள் அந்தத் தாள் எதற்கும் உதவாது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மதியம் 3 மணிக்கு வர வேண்டிய வேலூர் வண்டி 1 மணிக்கே கேட்டில் நிற்கிறது, உடனே ஏற்றி அனுப்பு என்று போன் வேறு. 11 மணிக்கு லோடு ஏற வேண்டிய திருநெல்வேலி வண்டியோ டயர் வெடித்து வரும் வழியிலேயே நின்றுவிட்டது, அதற்காக எடுத்து வைத்த சரக்கு டாக் (வண்டியில் சரக்கு ஏற்றும் மேடை) முன்னால் இடத்தை அடைத்துக் கிடக்கிறது. சரி, வேலூரை முன்னால் தள்ளு என்றேன். எடுக்கப் போன பையன் திரும்பி வந்து ரேக்கின் கீழ்த்தட்டு காலி என்கிறான். மேல்தட்டில் 6 பேலட் (சரக்கு அடுக்கிய பலகை) இருக்கிறது. ஆனால் அதை இறக்கும் வேலை ரீச் டிரக் வரிசையில் முன்னுரிமை 4 என்று கிடக்கிறது, அதற்கு முன்னால் காலையில் வந்த சரக்கை மேலே ஏற்றும் வேலை 14 இருக்கிறது. ஓட்டுநர் மேல் தப்பே இல்லை, திரையில் வந்த வரிசைப்படிதான் செய்தார். வேலூர் வண்டி இரண்டரை மணி நேரம் நின்றது, காத்திருந்ததற்கான கூலி எங்கள் கணக்கில் ஏறியது.

இருக்கும் மென்பொருளில் 1 முதல் 5 வரை முன்னுரிமை எண் போடலாம். போட்டோம். இரண்டே வாரத்தில் எல்லா வேலையும் 1 ஆகிவிட்டது, ஏனென்றால் ஒவ்வொருவரும் போன் செய்து தன் வண்டியை 1 ஆக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஐடி பையன் ஒருவன் நன்றாக எழுதக்கூடியவன், தானாக வரிசை மாற்றும் நிரல் எழுதுகிறேன் என்கிறான். அவனிடம் என்ன விதி கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_நிரல்
சார், முதலில் அந்த 1 முதல் 5 எண்ணை மனிதர்கள் கையிலிருந்து எடுத்து விடுங்கள். கோவையில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் குடோன் ஒன்றுக்கு நான் இதைச் செய்தேன், அங்கேயும் இதே கதைதான்.

ஒவ்வொரு வேலையும் ஏதோ ஒரு வண்டிக்காக இருக்கிறது. வண்டிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் இருக்கிறது. இன்னும் எவ்வளவு வேலை பாக்கி என்பதும் தெரியும். கிளம்பும் நேரத்துக்கு இருக்கும் நிமிடங்களிலிருந்து பாக்கி வேலையின் நிமிடங்களைக் கழித்தால் வருவது உபரி நேரம். உபரி குறைவாக இருப்பது முன்னால் வரட்டும். உதாரணமாக இப்போது மணி 2.30. அ வண்டி 5 மணிக்குக் கிளம்ப வேண்டும், 90 நிமிட வேலை பாக்கி, உபரி 60. ஆ வண்டி 4 மணிக்கு, 20 நிமிட வேலை, உபரி 70. அப்படியானால் அ முதலில். வண்டி நேரம் மாறினால் உபரி தானாக மாறும், யாரும் எண்ணைத் தொட வேண்டியதில்லை.

வரிசைக்கணக்கு
தம்பி, உங்கள் உதாரணத்தையே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரே குழு வேலை செய்கிறது என்று வைப்போம். அ-வை முதலில் செய்தால் 4 மணிக்கு முடியும், அதற்குப் பிறகு ஆ 4.20-க்கு. ஆ வண்டி 20 நிமிடம் தாமதம். மாறாக ஆ-வை முதலில் செய்தால் 2.50-க்கு முடிந்து, அ 4.20-க்கு முடியும். இரண்டு வண்டியும் நேரத்துக்குப் போகும்!

இது பழைய கணக்கு. கெடு முன்னால் வருவதை முன்னால் செய்தால், மிக மோசமாகத் தாமதமாகும் வேலையின் தாமதம் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறையும் என்று 1955-லேயே ஜாக்சன் நிறுவிவிட்டார். அது ஒரே இயந்திரம், எல்லா வேலையும் கையில் தயார் என்ற நிலைக்கு. குடோன் அப்படி இல்லைதான், ஆனாலும் ஒரே குழு பல வண்டிக்கு எடுக்கும் இடத்தில் அதுதான் நல்ல தொடக்கம். உபரி நேரத்தை எச்சரிக்கை மணியாக வையுங்கள்: எந்த வண்டி ஆபத்தில் இருக்கிறது, எதற்கு ஆள் கூட்ட வேண்டும் என்று அது சொல்லும். வரிசையைக் கெடு தீர்மானிக்கட்டும்.

கோவை_நிரல்
சார், நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதை முதல் மாதம் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், இங்கே எழுதும்போது மறுபடி அதே உதாரணத்தைப் போட்டுவிட்டேன். எங்களுக்கு நடந்தது இன்னும் மோசம். நிரல் நிமிடத்துக்கு ஒரு முறை உபரியைக் கணக்கிட்டது. அ வண்டிக்கு வேலை நடக்கும்போது அதன் உபரி அப்படியே நிற்கும், காத்திருக்கும் ஆ-வின் உபரி குறைந்துகொண்டே வரும். 10 நிமிடத்தில் இரண்டும் சமமாகி, திரை ஆ-வுக்குத் தாவும். உடனே அ-வின் உபரி குறையும், திரும்ப அங்கே தாவும். ஆட்கள் இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் நடந்தே ஓய்ந்தார்கள். சரக்கு எடுக்கும் வேலையில் பாதி நேரம் நடையிலேயே போகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது, நாங்கள் அதை இன்னும் கூட்டிவிட்டோம்.

இரண்டு திருத்தம் செய்தோம். ஒன்று, கெடுவை வைத்து வரிசை. இரண்டாவது, நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கிடுவதை நிறுத்தி, ஏதாவது நடந்தால் மட்டும் கணக்கிடுவது. வண்டி கேட்டுக்குள் வந்தது, ஆர்டர் ரத்து, எடுக்கப் போன இடத்தில் சரக்கு குறைவு, ரீச் டிரக் பழுது, ஆள் வீட்டுக்குப் போனார் என்று ஏழெட்டு நிகழ்வுதான். பிறகு திரை அமைதியானது.

ரீச்டிரக்_ஒரகடம்
நான் ஒரகடம் பக்கம் 9 வருடம் ரீச் டிரக் ஓட்டி, இப்போது ஷிப்ட் பொறுப்பில் இருக்கிறேன். மேலே பேசுகிற கணக்கு எனக்குக் கொஞ்சம்தான் பிடிபடுகிறது, ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். கையில் இருக்கும் வேலையை மாற்றாதீர்கள். ஃபோர்க்கில் பேலட் தூக்கி 8 மீட்டர் உயரத்தில் நிற்கும்போது திரை மாறி வேறு வேலைக்குப் போ என்றால் நான் இந்தப் பேலட்டை எங்கே வைப்பது? நடைபாதையில் வைத்துவிட்டுப் போனால் அடுத்த வண்டி அங்கே நுழைய முடியாது, எடுக்கும் ஆள் அதைச் சுற்றி வருவான், அடிபடுவதும் அங்கேதான். வைத்த பேலட் எந்த இடத்திலும் ஸ்கேன் ஆகாமல் கணக்கில் காணாமல் போய்விடும், அதைத் தேட ஒரு ஆள், ஒரு மணி நேரம்.

எங்களிடம் வரிசை மாற்றும் மென்பொருள் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தபோது இப்படித்தான் நடந்தது. மூன்றாவது நாளில் ஓட்டுநர்கள் எல்லோரும் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு விதி வைத்தோம்: கையில் இருப்பது முடியும், அதற்கு அடுத்ததாகக் காட்டியதும் மாறாது, மூன்றாவதிலிருந்து மெஷின் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். மேலும், வேலைக்குப் பக்கத்தில் காரணத்தைக் காட்டச் சொன்னோம். வெறும் "இறக்கு" என்று காட்டினால் ஒரு மாதிரி, "4 மணி சேலம் வண்டிக்கு, ஆள் கீழே காத்திருக்கிறார்" என்று காட்டினால் வேறு மாதிரி. ஓட்டுபவனுக்குத் தான் எதற்காக ஓடுகிறோம் என்று தெரிய வேண்டும்.

செங்குன்றம்_குடோன்
அண்ணா, அடுத்ததும் மாறாது என்றால் அவசரம் வந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டி வரும்?

ரீச்டிரக்_ஒரகடம்
ஒரு பேலட் இறக்கி வைக்க எங்கள் இடத்தில் 3 முதல் 5 நிமிடம். இரண்டு வேலை என்றால் அதிகபட்சம் 10 நிமிடம். 3 ரீச் டிரக் ஓடுகிறது, அதில் யார் முதலில் காலியாகிறாரோ அவருக்குப் போகும், அதனால் உண்மையில் 5 நிமிடம்கூட ஆகாது. இரண்டரை மணி நேரம் நின்ற இடத்தில் இந்த 5 நிமிடத்தைப் பார்க்காதீர்கள்.

கோவை_நிரல்
அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். இப்போது செங்குன்றம் சாரின் மூலப் பிரச்சினைக்கு வருகிறேன், ஏனென்றால் வேலூர் வண்டியை முன்னால் தள்ளியும் ஏன் நகரவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். வண்டி முன்னால் வந்தது, எடுக்கும் வேலை முன்னால் வந்தது. ஆனால் எடுக்கும் வேலை எதற்காகக் காத்திருக்கிறதோ அந்த இறக்கும் வேலை பின்னாலேயே கிடந்தது.

கணினித் துறையில் இதே சிக்கல் 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில் வந்தது. மிக முக்கியமான ஒரு பணி, கீழ்நிலையில் இருந்த வானிலைப் பணி ஒன்று பிடித்து வைத்திருந்த பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பயன்படுத்தும்படி காக்கும் ஏற்பாடு) காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணிகள் குறுக்கே புகுந்து அந்த வானிலைப் பணியை ஓடவிடவில்லை. முக்கியப் பணி நேரத்துக்கு முடியாததால் கலம் மறுபடி மறுபடி தன்னையே மறுதொடக்கம் செய்துகொண்டது. பூமியிலிருந்து ஒரு அமைப்பை மாற்றிச் சரிசெய்தார்கள்: காத்திருப்பவரின் முன்னுரிமை, யாருக்காகக் காத்திருக்கிறாரோ அவருக்கும் போய்ச் சேரும்.

குடோனில் இதை இப்படி வையுங்கள். எடுக்கும் வேலைக்கு 4 மணி கெடு என்றால், அதற்குச் சரக்கு இறக்கும் வேலைக்கு 4 மணியிலிருந்து ஏற்றும் நேரமும் எடுக்கும் நேரமும் கழித்த கெடு. அந்த டாக் முன்னால் திருநெல்வேலிச் சரக்கு அடைத்துக் கிடக்கிறதே, அதை ஒதுக்கும் வேலைக்கும் வேலூரின் கெடுதான், திருநெல்வேலியின் கெடு கிடையாது. சங்கிலியில் பின்னால் போகப் போக கெடு முன்னால் வரும். உங்கள் பையனிடம் முதலில் இதை எழுதச் சொல்லுங்கள், வேறு எதையும் எழுதாவிட்டாலும் இது ஒன்றே அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியிருக்கும். கீழ்த்தட்டு காலியான பிறகு இறக்கும் வேலையை உருவாக்கவும் கூடாது. ஆர்டர் உள்ளே வந்தவுடனே, கீழே இருப்பது இந்த வண்டிக்குப் போதுமா என்று பார்த்து அப்போதே உருவாக்க வேண்டும்.

குளிர்சரக்கு
மருந்துக் குடோனில் இருக்கிறேன். கெடுவை வைத்து வரிசை என்பது சரி, ஆனால் வண்டியே இல்லாத வேலைகள் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே. உள்ளே வந்த சரக்கை ஏற்றுவது, இருப்பு எண்ணிப் பார்ப்பது, உடைந்த பெட்டியை ஒதுக்குவது இவற்றுக்கெல்லாம் எந்த வண்டியும் காத்திருப்பதில்லை. எங்களிடம் இவை தினமும் பின்னால் தள்ளப்பட்டு, ஒரு கட்டத்தில் உள்வரும் டாக்கில் 3 நாள் சரக்கு தரையிலேயே கிடந்தது. மென்பொருள் கணக்கில் அது எடுக்கக்கூடிய சரக்கு இல்லை, ஏனென்றால் ரேக்கில் ஏறவில்லை. அதனால் வெளியே ஆர்டருக்கு இருப்பு இல்லை என்று போனது, தரையில் சரக்கு இருக்கும்போதே!

நாங்கள் செய்தது, எல்லா வேலைக்கும் ஒரு கெடு கட்டாயம். இன்சுலின், தடுப்பூசி மாதிரி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு வந்து இறங்கினால், குளிர் அறைக்குள் போக 20 நிமிடம் கெடு என்று நாங்களே வைத்தோம், அது எந்த வண்டியையும் விட முன்னால். சாதாரணச் சரக்கு ஏற்ற 6 மணி நேரம். இருப்பு எண்ண 2 நாள். நேரம் ஓட ஓட அவை தாமாக முன்னால் வந்துவிடும், யாரும் ஞாபகம் வைத்துத் தள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று, எங்களுக்குக் காலாவதி முதலில் வருவது முதலில் போக வேண்டும். அவசரம் என்று பக்கத்தில் இருக்கும் பேலட்டை எடுத்தால் பிறகு காலாவதியான சரக்குதான் மிஞ்சும். அதனால் வரிசையை மாற்ற மட்டும் நிரலுக்கு உரிமை, எந்தப் பேலட் என்பதை மாற்ற உரிமை இல்லை. பிஸ்கட்டுக்கும் இது பொருந்தும் சார்.

ஓசூர்_டிஸ்பாட்ச்
நான் டிஸ்பாட்சில், அதாவது சரக்கு அனுப்பும் பிரிவில், பில் போடும் பக்கம். எல்லோரும் சரக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். சரக்கு ஏற்றித் தயாராக நிற்கும் வண்டி காகிதத்துக்காக நிற்பதை வாரத்தில் இரண்டு முறையாவது பார்க்கிறேன். பில் போடுவதும், சரக்கு சாலையில் போக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் இ-வே பில் போடுவதும் வேலைதான், அவற்றுக்கும் இதே சங்கிலியில் கெடு வேண்டும்.

திட்டம் மாறும்போது இங்கேதான் சிக்கல் முற்றும். காலையிலேயே அந்த வண்டி எண்ணைப் போட்டு இ-வே பில் எடுத்துவிட்டால், வண்டி மாறியதும் வண்டி விவரம் இருக்கும் பார்ட் பி-யில் எண்ணை மாற்ற வேண்டும். பார்ட் பி முதலில் போட்ட நேரத்திலிருந்து இ-வே பில் செல்லுபடியாகும் காலம் ஓட ஆரம்பிக்கும், 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. செங்குன்றத்திலிருந்து வேலூர் என்றால் ஒரு நாள்தான் கிடைக்கும், அதை டாக்கிலேயே கழித்துவிடக் கூடாது. சரக்கே போகாது என்று ஆனால் இ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும், இ-இன்வாய்சும் அப்படியே. அதற்கு மேல் போனால் கிரெடிட் நோட்டு, கணக்குப் பிரிவோடு பேச்சு வார்த்தை என்று நீளும். அதனால் எங்களிடம் சரக்கு விவரம் உள்ள பார்ட் ஏ மட்டும் முன்கூட்டியே தயார் செய்வோம். வண்டி கேட்டுக்குள் வந்து எண் உறுதியானதும் பார்ட் பி வேலை தானாக வரிசையில் விழும்.

ஏற்றும் வரிசையையும் மறக்காதீர்கள். ஒரே வண்டியில் ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று மூன்று இறக்கம் இருந்தால், கடைசியில் இறங்குவது முதலில் உள்ளே ஏற வேண்டும். வழி மாறினால் எடுக்கும் வரிசையும் தலைகீழாக மாற வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் எடுத்து முடித்தும் ஏற்ற முடியாமல் முன்னால் கிடக்கும்.

செங்குன்றம்_குடோன்
அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. பில் போடுபவர் சாப்பிடப் போன நேரத்தில் வண்டி நின்ற நாட்கள் நிறைய உண்டு, அதை நான் திட்டத்தில் எழுதியதே இல்லை.

ஒரு கேள்வி. எங்கள் பையன் சும்மா சோதனைக்கு ஒன்று எழுதினான். இரண்டு பேர் ஒரே நொடியில் "அடுத்த வேலை" என்று அழுத்தினால் இரண்டு பேருக்கும் ஒரே வேலை போகிறது. அப்புறம், கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்று ஒன்று இலவசமாக இருக்கிறதாம், அதில் முழு நாளையும் கொடுத்தால் மிகச் சிறந்த திட்டத்தைக் கண்டுபிடிக்கும் என்கிறான். தேவையா?

கோவை_நிரல்
முதல் கேள்விக்கு: தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் 9.5 பதிப்பிலிருந்தே ஸ்கிப் லாக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கும் வேலையின் பதிவை அடுத்தவரின் கேள்வி தாண்டிப் போய் அதற்கு அடுத்ததை எடுக்கும். நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இரண்டாவது: ஓஆர்-டூல்ஸ் நல்ல கருவி, நான் வேறு இடத்தில் பயன்படுத்துகிறேன். ஆனால் 12 வண்டிக்கு இப்போது வேண்டாம். அதற்குக் கொடுக்க உங்களிடம் சரியான நேரக் கணக்கு இல்லை. ஒரு பேலட் இறக்க எவ்வளவு நேரம், 100 பெட்டி எடுக்க எவ்வளவு நேரம் என்று கேட்டால் உங்கள் பதில் ஊகமாக இருக்கும். ஸ்கேனர் பதிவில் ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டும் கிடக்கும், இரண்டு மாதத்தை எடுத்துப் பாருங்கள். சராசரியை எடுக்காதீர்கள், பத்தில் எட்டு தடவை எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தது என்று பாருங்கள். சராசரியை வைத்து வாக்குக் கொடுத்தால் அடிக்கடி வாக்குத் தவறும்.

வரிசைக்கணக்கு
எல்லா வண்டியையும் நேரத்துக்கு அனுப்பவே முடியாத நாளும் வரும், அந்த நாளில் கெடு வரிசை மோசமாக நடந்துகொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே தாமதமான வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, பின்னால் இருப்பதை எல்லாம் வரிசையாகத் தாமதமாக்கும். 1968-ல் மூர் சொன்ன வழி இதற்கு உதவும். கெடு வரிசையில் போட்டுக்கொண்டே வாருங்கள், ஒரு வண்டி தவறுகிறது என்று வந்தவுடன், அதுவரை சேர்த்தவற்றில் எது அதிக நேரம் தின்கிறதோ அதைத் தூக்கிக் கடைசியில் போடுங்கள். தவறும் வண்டிகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும். எதைத் தூக்குவது என்ற முடிவை மட்டும் நிரலிடம் விடாதீர்கள், அது காட்டட்டும், நீங்கள் அழுத்துங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியும் பிஸ்கட் வண்டியும் அதற்கு ஒன்றுதான்.

ரீச்டிரக்_ஒரகடம்
போன் செய்து தன் வண்டியை முன்னால் போடச் சொல்பவர்களைப் பற்றி. எங்கள் மேலாளர் ஒன்று செய்தார், இன்றைக்கும் வேலை செய்கிறது. யாராவது ஒரு வண்டியை முன்னால் தள்ளினால் திரை உடனே கேட்கும்: இதனால் ஓசூர் வண்டி 35 நிமிடம் தாமதமாகும், சரியா? சரி என்று அழுத்துபவரின் பெயர் பதிவாகும், ஓசூர் பார்ப்பவருக்குச் செய்தி போகும். முன்பு நாளுக்குப் பத்து பேர் தள்ளுவார்கள். இப்போது ஒருவரோ இருவரோதான், அவர்கள் தள்ளினால் உண்மையிலேயே தேவை இருக்கும்.

குளிர்சரக்கு
ஆள் எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எங்கள் ஷிப்டுக்கு வந்தது வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, பாதிப் பேர் வீட்டிலேயே தண்ணீர். மென்பொருளோ முழு ஆட்களும் இருப்பதாக நினைத்து எல்லா வண்டிக்கும் நேரம் கொடுத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் அதை அணைத்துவிட்டுக் கையால் எழுதினோம். இப்போது ஷிப்ட் தொடங்கியதும் யார் யார் ஸ்கேனரில் உள்ளே நுழைந்தார்களோ அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கு ஓடும். எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க ஒரு பொத்தானும் ஷிப்ட் பொறுப்பாளரிடம் இருக்கிறது. இருக்க வேண்டும்.

செங்குன்றம்_குடோன்
எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நிரல் இன்னும் எழுதவில்லை. முதலில் ஒரு வாரம் வெள்ளைப் பலகையில் செய்து பார்த்தோம். ஒவ்வொரு வண்டிக்கும் கிளம்பும் நேரம், அதிலிருந்து பின்னோக்கி ஏற்றுவது, பில், எடுப்பது, இறக்குவது என்று நேரம் எழுதினோம். ரீச் டிரக் ஓட்டுநர்களுக்கு வேலைச் சீட்டில் வண்டி பெயரையும் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டாவது நாளே ஒரு ஓட்டுநர் வந்து, அண்ணே, காஞ்சிபுரம் வண்டிக்குக் கீழே சரக்கு பத்தாது, இப்போதே இறக்கிவிடவா என்று கேட்டார். இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

பலகையில் எழுதும்போதுதான் ஒன்று தெரிந்தது. வண்டி எப்போது வந்தது என்ற நேரமே எங்களிடம் சரியாக இல்லை. கேட்டில் காவலாளி நோட்டில் எழுதுகிறார், அது சாயங்காலம்தான் உள்ளே வருகிறது. நிகழ்வு நடந்தால் கணக்கிடு என்று கோவை தம்பி சொன்னார், எங்களுக்கு முக்கியமான நிகழ்வே 5 மணி நேரம் தாமதமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. கேட்டுக்கு ஒரு ஸ்கேனர் கேட்டு எழுதியிருக்கிறேன், திங்கட்கிழமை வருகிறது. அதுவரை காவலாளி வண்டி வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார், நான் பலகையை மாற்றுகிறேன்.